பம்மலில் நான் மொழிபெயர்த்தது

தாம்பரத்தில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் என்னைப் பார்த்து "சிலோனா?" என்று கேட்டுவிட்டார்கள். டாக்சிக்காரர் கேட்டார். விடுதி வாசலில் பெயர் எழுதிக்கொண்ட காவலாளி கேட்டார். சோப்பு வாங்கப் போன கடையில் இருந்த பெண், நான் பதில் சொல்லும் முன்பே குரலைத் தாழ்த்தி, "அங்க இப்போ எப்படி இருக்கு?" என்று விசாரித்தாள். மலேசியா என்றேன். "அங்கயும் தமிழ் பேசுறாங்களா?" என்று ஆச்சரியப்பட்டாள். பதினாறு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்தவருக்கு வெல்லம் நிறுக்கப் போய்விட்டாள்.

எண்பதுகளின் கடைசியில், பொங்கல் முடிந்த வாரம் அது. பண்பாடு, கல்வி, சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த அனைத்துலக மாநாடு ஒன்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நடந்தது. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றை என் வகுப்புப் பிள்ளைகளோடு நான்கு வருடங்கள் கவனித்து வந்தேன். என்ன நிறத்தில் ஓடுகிறது, எந்த மீன் இருக்கிறது, எந்த மீன் காணாமல் போனது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தோம். செம்பனை எண்ணெய் ஆலை வந்தபின் அந்த ஆறு என்ன ஆனது என்பதுதான் கட்டுரை. அனுப்பிவைத்தேன். அழைப்பு வந்துவிட்டது.

தோட்டத்தில் எல்லோரும் "டீச்சர் ஊருக்குப் போறாங்க" என்றார்கள். எனக்குத் தமிழ்நாட்டில் ஊர் என்று எதுவும் கிடையாது. என் அப்பா பிறந்ததே தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில்தான். ஆனாலும் ஒரு ஆசை இருந்தது. கடைப் பலகையிலிருந்து சண்டைவரை எல்லாமே தமிழில் நடக்கிற ஓர் இடத்தில், ஐந்தாறு நாளாவது தனியாள் என்ற நினைப்பில்லாமல் இருக்கலாம் என்ற ஆசை.

எனக்குக் கொடுத்த அறையில் நான்கு கட்டில்கள் இருந்தன. மற்ற மூன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. அந்த மூவருக்கும் நகரத்துக்குள்ளேயே வீடு. சாயங்காலம் மின்சார ரயில் ஏறிப் போய்விடுவார்கள் என்று காவலாளி சொன்னார். வெளிநாட்டுப் பிரதிநிதிகள் எல்லோரும் வெந்நீர் வருகிற இன்னொரு கட்டடத்தில் இருந்தார்கள். என் பெயரைப் பார்த்து யாரோ என்னை உள்ளூர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டிருக்க வேண்டும். கேட்டு மாற்றிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. மூன்று வெற்றுக் கட்டில்களைப் பார்த்தபடி படுத்தேன்.

மறுநாள் காலை, விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய சிறு விமானங்கள் கூரையை உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் ரொட்டி, ஆம்லெட். மற்றதில் வெண்பொங்கல், வடை, சட்னி. பொங்கல் மேசையில் உட்கார்ந்தேன். மிளகும் நெய்யும் நெஞ்சுவரை இறங்கின. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குப் பரோட்டா மாதிரியான ரோட்டி சானாயும் பால் சேர்க்காத கோப்பியும்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்த விரிவுரையாளரிடம், "பசியாறிட்டீங்களா?" என்றேன். எங்கள் பக்கத்தில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அதுதான். அவர் சிரித்து, எதிரில் இருந்தவரிடம், "கேட்டியா? பசியாறிட்டீங்களாவாம். சாமி படம் டயலாக் மாதிரி இருக்கு" என்றார். இருவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். அதன்பிறகு அந்த மேசையில் நான் வாயைத் திறக்கவில்லை.

கூட்டங்கள் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தன. தேநீர் இடைவேளையில்தான் தமிழ் கேட்டது. யாருக்கு மாற்றல், யாருடைய பெண்ணுக்கு வரன் என்று அவரவர் வட்டத்துக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னிடம் வந்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் ஆவலாகக் கேட்டார். தமிழில் பதில் சொன்னதும் அந்த ஆவல் வடிந்துவிட்டது. ஒரு டச்சுக்காரப் பெண்மணி வடையைத் தூக்கிக் காட்டி இது எதனால் செய்தது என்று கேட்டார். உளுந்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் போய் நின்றேன். கடற்கரை நிலையத்திலிருந்து வந்த மின்சார ரயில் கீழே கூட்டத்தைக் கொட்டியது. டிபன் பாக்ஸும் கைப்பையுமாக அத்தனை பேரும் ஒரே திசையில் ஏறி வந்து, என் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். "ஓரமா நில்லும்மா" என்றார் ஒருவர். அன்று என்னோடு தமிழில் பேசியவர்களை எண்ணிப் பார்த்தால், அவர்தான் கடைசி ஆள்.

மூன்றாம் நாள் எங்களைப் பம்மலுக்குக் கூட்டிப்போனார்கள். தோல் பதனிடும் இடங்களைச் சுற்றி நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்ப்பதற்காக. கூட்டிப்போனவர் பேராசிரியர் ஜெயசீலன். வேதியியல் சொல்லிக்கொடுப்பவர், ஒல்லியான மனிதர். மொழிபெயர்ப்பாளரும் அவரே. தோல் கம்பெனி ஒன்றின் சார்பில் வெள்ளைச் சட்டை போட்ட மேற்பார்வையாளர் ஒருவரும் கூடவே வந்தார்.

வேனிலிருந்து இறங்குமுன்பே நாற்றம் வந்துவிட்டது. ரப்பர் ஆலை நாற்றத்தில் வளர்ந்தவள் நான், ஆனாலும் இது வேறு. ஊறிய தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் கம்பெனி வாசலில் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் முன்னால் நடந்து தெருமுனைக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண்குழந்தை.

"இன்னாக்கா, நீயும் அவங்களோட வந்தவளா?" என்றாள்.

ஆமாம் என்றேன். மலேசியா என்றேன். மாநாட்டுக்கு வெளியே என்னை விசாரித்தவர்களில், சிலோனா என்று கேட்காத முதல் ஆள் அவள்தான். "அங்க வெயிலு கீதா? புள்ளைங்க எத்தினி?" என்று கேட்டாள். பிள்ளை இல்லை, கல்யாணமே ஆகவில்லை என்றதும், "அதுவும் ஒரு நிம்மதிதான் போ" என்று சிரித்தாள். பெயர் மல்லிகா. கணவர் பெயர் ஏழுமலை. "எதுத்தாப்ல தெரியுதே, அந்தக் கம்பெனியிலதான் வேல. சுண்ணாம்புத் தொட்டி. கையெல்லாம் வெந்துபோயி கெடக்கும்" என்றாள். பத்து நிமிடம் பேசியிருப்போம். அந்தப் பயணத்தில் யாராவது என்னை உட்காரவைத்துப் பேசினார்கள் என்றால் அவள் மட்டும்தான். துவைக்கிற கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, "குந்துக்கா" என்றாள்.

அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். டச்சுக்காரப் பெண்மணி கேள்வி கேட்க, ஜெயசீலன் தமிழில் சொன்னார்.

"தண்ணி எப்படி இருக்குன்னு கேக்குறாங்கம்மா."

மல்லிகா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "எப்பிடி கீதா? ஒரு டம்ளரு குடிச்சிப் பாக்கச் சொல்லு சார். போன வருசமும் இப்பிடித்தான் வேன்ல வந்தாங்க, பாட்டில்ல புடிச்சிகினு போனாங்க. இன்னா ஆச்சி? வாளி உட்டா கயிறே செவந்து வருது. கொழந்தைக்கி ஒடம்பெல்லாம் சொறி. ஆளு அசந்த நேரமாப் பாத்து கழிவுத் தண்ணிய வாய்க்கால்ல தொறந்து உட்டுட்டு நல்லவன் மாரி நிக்கிறானுங்க. எங்க வூட்டுக்காரரே கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு. இவங்க கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? பேஜாருதான் மிச்சம்."

ஜெயசீலன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருப்பதாகவும், நிலைமை மேம்படும் என்று நம்புவதாகவும், வந்தவர்களை வரவேற்பதாகவும் அந்தப் பெண் சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குள் ஏதோ குபுக்கென்று பொங்கியது. மூன்று நாளாக எனக்கென்று ஒரு வேலையும் இல்லாமல் நின்றதும் அதில் சேர்ந்திருக்கலாம். "மன்னிக்கவும், அவர் அப்படிச் சொல்லவில்லை" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். மல்லிகா சொன்னதை வரி வரியாகச் சொன்னேன். பாட்டில், கயிறு, சொறி, வாய்க்கால் எதையும் விடவில்லை. "அந்தக் கம்பெனியிலேயே வேலை செய்கிற இவருடைய கணவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்" என்று முடித்தேன். பத்துப் பன்னிரண்டு பேனாக்கள் ஒரே சமயத்தில் ஓடின. டச்சுக்காரப் பெண்மணி என் தோளைத் தொட்டு நன்றி சொன்னார். பெருமையாக இருந்தது.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்றார். வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது ஜெயசீலன் மட்டும், "மேடம், இந்த விசிட்டுக்குப் பர்மிஷன் வாங்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. உங்க கிட்ட கோவப்படல. சொல்றேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் பிரதிநிதிகளுக்கு மாமல்லபுரச் சுற்றுலா. கோவளத்தில் இறங்கிப் படகுகளையும் மீன் ஏலத்தையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. நானும் தொப்பியோடு போய் நின்றேன். பட்டியலில் என் பெயர் இல்லை. "நீங்க ஃபாரின் டெலிகேட்டா? தமிழ்ப் பேரா இருந்ததால லோக்கல்னு நினைச்சிட்டோம். மகாபலிபுரம் நீங்க பாத்திருப்பீங்களே மேடம்" என்றார் பட்டியல் வைத்திருந்தவர். பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை" என்றேன். பேருந்து கிளம்பியதும், டச்சுக்காரப் பெண்மணி ஜன்னலிலிருந்து கையசைத்தார்.

பம்மலுக்குப் போகலாம் என்று அப்போதுதான் தோன்றியது. வேறு எங்கும் என்னைத் தெரிந்த ஆள் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பல்லாவரத்தில் இறங்க வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம் மரியாதையாக "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே ரயில் நகர்ந்துவிட்டது. பூக்கூடையோடு இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "இன்னாம்மா நீ, கோயிலு வரிசையில நிக்கிற மாரி நிக்கிற? தள்ளிகினு எறங்கணும்" என்றாள். திரிசூலத்தில் தள்ளிக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்து, பேருந்து பிடித்து, பம்மல் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மல்லிகாவின் வீடு கிணற்றடிக்கு எதிர் வரிசையில் மூன்றாவது. வாசற்படியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. வேலை நாள், வேலை நேரம். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

மல்லிகா வந்தாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

"எதுக்குக்கா வந்த?"

"உங்களப் பார்க்கணும்போல இருந்துச்சு."

"பாத்தல்ல? குந்திகினு கீறாரே, அவரையும் பாத்தல்ல? நேத்து சாயங்காலமே சொல்ட்டாங்க, இனிமே வராதன்னு. பதினோரு வருசம் அந்தத் தொட்டியில நின்னாரு."

"நீங்க சொன்னதத்தானே நான் சொன்னேன். ஒரு வார்த்தகூட சேர்க்கலியே" என்றேன்.

"சேத்தியே!" என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவரு அந்தக் கம்பெனியில வேல செய்றாருன்னு நானு அவங்க கிட்டயா சொன்னேன்? உங்கிட்ட சொன்னேன். குந்தவச்சிப் பேசிகினு இருந்தப்ப சொன்னேன்."

பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"நானு கத்துனது தமிழ்ல. புரியாதுன்னுதான்க்கா கத்துனேன். போன வருசமும் கத்துனேன். கம்பெனிக்காரன் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான். பொம்பள கத்துதுன்னு உட்டுட்டான். சாரு பதமா எதனா சொல்லி சமாளிச்சிட்டாரு. எனுக்கும் மனசு ஆறிச்சி. நீ இங்கிலீஸ்ல சொல்லி, அவங்க எல்லாரும் எழுதனாங்க பாரு, அப்பதான் அவன் மூஞ்சியே மாறிச்சி."

குழந்தை உள்ளேயிருந்து தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தது. முட்டியிலும் கழுத்திலும் சொறி. சாக்லேட் பெட்டியை எடுக்கவே கை வரவில்லை. வந்த வழியே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

ஜெயசீலன் அன்று சுற்றுலாவுக்குப் போகவில்லை. பயிற்சி நிலையத்து அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வடையைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

"மேனேஜரை எனக்குத் தெரியும். போய்ப் பேசலாம். ஆனா ஒண்ணு மேடம், நீங்க சொன்னது தப்புன்னு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

"அது தப்பில்லையே சார்."

"தப்பில்லைன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்றேன்" என்றார். "ரிசல்ட் எல்லாம் அந்த அலமாரியில இருக்கு. நீங்க சொன்னதைவிட மோசம்."

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேனேஜர் அறையில் மின்விசிறியும், சாமி படமும், மேசையில் மாதிரித் தோல் துண்டுகளும் இருந்தன. மேனேஜர் வயதானவர், மரியாதையானவர். எங்களை உட்காரச் சொல்லிக் கலர் சோடா வரவழைத்தார்.

"இவங்க மலேசியா சார்" என்று ஆரம்பித்தார் ஜெயசீலன். "அங்க தமிழ் வேற மாதிரி. நம்ம மெட்ராஸ் பாஷை இவங்களுக்குப் பிடிபடல. நேத்து தப்பா சொல்லிட்டாங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தப்புன்னா எப்படிம்மா? ஏழுமலை சொன்னான்னு நீங்க சொன்னதா எங்க சூப்பர்வைசர் எழுதியே குடுத்திருக்காரே."

ரயிலிலும் பேருந்திலும் வந்தபோது, மல்லிகா கிணற்றடியில் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்திருந்தேன். அந்த ஒரு சொல் அப்போதுதான் என் கையில் அகப்பட்டது.

"அந்தம்மா 'வூட்டுக்காரரு'ன்னு சொன்னாங்க ஐயா" என்றேன். "எங்க ஊர்ல வீட்டுக்காரர்னா புருஷன். அதனால புருஷன்னு சொல்லிட்டேன். அவர் இங்க வேலை செய்றார்னு அந்தம்மா முன்னாடி பேச்சுவாக்குல சொல்லியிருந்தாங்க. ரெண்டையும் நானா முடிச்சுப் போட்டுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது. அவங்க சொன்னது வீட்டுக்குச் சொந்தக்காரரை."

ஜெயசீலன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஹவுஸ் ஓனர் சார்" என்றார் அழுத்தமாக. "இந்த ஊர்லயே இல்ல அந்த ஆளு. எப்பவோ வந்துட்டுப் போறவர். அவர் என்னத்தைப் பாத்தாரோ."

"அப்போ ஏழுமலை ஒண்ணும் சொல்லல?"

"அவர் பேரையே அந்தம்மா எடுக்கல ஐயா. எனக்குத் தமிழ் சரியா வராது. மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டேன். பதினாறு வருடம் கரும்பலகையில் எழுதிய கை மடியில் கிடந்தது. வல்லினம் மெல்லினம் சொல்லிக்கொடுத்த வாய்தான் அப்படிச் சொன்னது. மேனேஜர் தலையசைத்தார். அவர் முழுக்க நம்பினாரா, நம்பினால் வசதி என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "பரவாயில்லம்மா. தமிழ். கஷ்டமான. பாஷை. மெதுவா. கத்துக்கலாம்."

"சரிங்க ஐயா" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஏழுமலையை வரச் சொல்வதாக அவர் ஜெயசீலனிடம் ஒப்புக்கொண்டார்.

ஜெயசீலன் ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திக்கொண்டு, என்னை மட்டும் போகச் சொன்னார். மல்லிகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இன்னான்னு சொல்லி ஒத்துக்க வச்ச?" என்றாள். வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன். ஒரு வினாடி விழித்துவிட்டு, பக்கென்று சிரித்துவிட்டாள். "அந்தாளா? அவன் இந்தப் பக்கம் வந்தே ரெண்டு வருசமாச்சி! அவன் பாத்தானாமா!" உள்ளேயிருந்து ஏழுமலையும் எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

மல்லிகாவின் சிரிப்பும் சீக்கிரமே நின்றுவிட்டது. "நல்லவதான்க்கா நீ" என்றாள். "இனிமே வராத. நீ வந்துகினு போயிகினு இருந்தா அவனுங்களுக்கு மறுபடியும் ஞாபகம் வரும்." கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அறைக்கு வந்தேன். மறுநாள் வாசிக்க வேண்டிய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் இரண்டு பெண்கள், செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கும் ஒருவர், லாரி ஓட்டும் ஒருவர். எந்த நாட்களில் ஆலை எதைத் திறந்துவிடுகிறது என்று எனக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். என் வீட்டில், நான் போட்டுக்கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னார்கள். டீச்சரிடம்தானே பேசுகிறோம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பெயரும் அச்சில் வரட்டும், அது அவர்களுக்குப் பெருமை என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து நான்கையும் அடித்தேன். எழுத்து தெரியாமல் போகும்வரை அடித்தேன். தாள் ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது. முன்பே அனுப்பியிருந்த பிரதியையும் மாநாட்டு அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கி அடித்தேன்.

கடைசி நாள், கடைசி அமர்வு. கூடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் காலடியில் பயணப்பெட்டி. ஆற்றைப் பற்றி வாசித்தேன். முடித்ததும் தலைமை வகித்தவர், ஆலை எப்போது கழிவைத் திறந்துவிடுகிறது என்ற தகவலுக்கு யார் சாட்சி என்று கேட்டார்.

"சொல்ல முடியாது."

"பெயர் வேண்டாம். என்ன வேலை செய்கிறவர்கள்? ஆலையில் இருப்பவர்களா?"

டச்சுக்காரப் பெண்மணி இரண்டாம் வரிசையில் பேனாவோடு காத்திருந்தார். "தெரியாது" என்றேன். ஆதாரமில்லாத செவிவழிச் செய்தி என்று பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்று தலைமையாளர் வருத்தத்தோடு சொன்னார். செய்துகொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண்மணி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினாரோ. பின்வரிசையில் இருந்த ஜெயசீலன் எழுந்து வந்து, "டீ சாப்பிடலாமா டீச்சர்?" என்றார். அந்த ஐந்து நாளில் அங்கே என்னை டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். இருவரும் போய் டீ குடித்தோம்.

பல மாதம் கழித்து மாநாட்டு மலர் தபாலில் வந்தது. என் கட்டுரை அதில் இல்லை. பம்மல் பயணத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். குடியிருப்போர் பிரதிநிதிகளை அன்போடு வரவேற்றார்கள் என்றும், வட்டார வழக்கு புரியாததால் ஒரு பிரதிநிதி தவறாக மொழிபெயர்த்துவிட்டார் என்றும், பிறகு அவரே அதைத் திருத்திக்கொண்டார் என்றும் எழுதியிருந்தது. என் வகுப்பில் அதைப் படித்துக் காட்டவில்லை. எங்கள் தோட்டத்து நான்கு பேரும் அவரவர் வேலையில் தொடர்ந்து இருந்தார்கள். ஆறும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இதை எழுதும்போது, அந்தப் பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன். கணவருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர் நின்ற தொட்டி சுண்ணாம்புத் தொட்டியல்ல, வேறு தொட்டி. கிணறு தெருமுனையில் இல்லை, வீடும் மூன்றாவது வீடு இல்லை. மல்லிகா என்று யாரையாவது தேடிக்கொண்டு பம்மலுக்குப் போகிறவர்களுக்கு அவள் கிடைக்க மாட்டாள்.